விந்தில் ரத்தம்: ரிக் வண்டித் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி:

வணக்கம்ங்க டாக்டர். எனக்கு வயசு 36. திருச்செங்கோடு பக்கம் ஒரு கிராமம். போர்வெல் ரிக் வண்டியில வேலை. நாலு மாசம் மத்தியப் பிரதேசத்துல இருந்துட்டு ஆடி நோம்பிக்குத்தான் ஊட்டுக்கு வந்தேன். வந்த ரெண்டாம் நாள் சம்சாரத்தோட சேர்ந்தப்ப விந்து காப்பித் தண்ணி மாதிரி வந்துச்சுங்க. அடுத்த தடவை நல்ல சிவப்பு. மூணாவது தடவை மறுபடியும் பழுப்பு. வலி, எரிச்சல் ஒண்ணுமில்லீங்க. சம்சாரத்துக்கிட்ட சொல்லலை. லைட்டைப் போடாமயே துணியை நானே அலசிப் போட்டுட்டேன். கூட வேலை செய்யற அண்ணன் ‘சூடுடா, எண்ணெய் தேச்சுக் குளி’ன்னார். குளிச்சேன். மாசம் ஒருக்கா லாட்ஜுக்கு வர்ற வைத்தியர்கிட்டயும் போனேன். ‘சின்ன வயசுப் பழக்கத்தால நரம்பு அறுந்து ரத்தம் வருது, இனிக் குழந்தை நிக்காது’ன்னு சொல்லி லேகியத்துக்கு 12,000 ரூபா கேட்டார். எங்க பெரியப்பா 74 வயசுல புராஸ்டேட் கேன்சர்ல போனார். எனக்கும் அதுதானோன்னு தூக்கமே வரலீங்க. ரெண்டாவது குழந்தைக்குப் பார்த்துட்டு இருக்கோம். சம்சாரத்துக்கு ஏதாச்சும் ஒட்டிக்குமா? எந்த டாக்டர்கிட்டப் போகோணும்?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

அந்த 12,000 ரூபாயைக் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். பாதி கொடுத்திருந்தால் மீதியைக் கொடுக்கப் போகாதீர்கள். சிறு வயதுக் கைப்பழக்கத்தால் எந்த நரம்பும் அறுவதில்லை. நரம்பு அறுந்தால் விந்தில் ரத்தம் வருவதும் இல்லை. ஆண்மைக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதையே தடுக்க 1954-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். அப்படியும் பேருந்து நிலையச் சுவர்களில் அந்த நோட்டீஸ்கள் குறையவில்லை. தூக்கம் கெட்டு நிற்கும் ஒரு மனிதரிடம் ‘இனிக் குழந்தை நிற்காது’ என்று சொல்லிக் காசு கேட்பதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

இனி உங்கள் விஷயம். 36 வயது, வலி இல்லை, எரிச்சல் இல்லை, நான்கு மாத இடைவெளிக்குப் பிறகு மூன்று தடவை. இதை மட்டும் வைத்துச் சொன்னால், இது பெரிய நோயாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. உங்கள் வயதில் இப்படி வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குத் தானாகவே நின்றுவிடும். பலருக்கு எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்தாலும் காரணம் என்று ஒன்றும் அகப்படாது. ஆனாலும் ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். எதற்கு என்று சொல்கிறேன்.

விந்து முழுக்க விதையில்தான் ஊறுகிறது என்று நம் ஊரில் நினைக்கிறோம். விதையிலிருந்து வருவது விந்தணு மட்டும்தான். அளவில் அது மிகக் கொஞ்சம். மீதியில் பெரும்பங்கு, சிறுநீர்ப்பைக்குப் பின்னால் இருக்கிற இரண்டு விந்துப் பைகளில் சுரக்கிறது. அடுத்த பங்கு, சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சுற்றி மோதிரம் போல உட்கார்ந்திருக்கும் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து. (வெளியே தொங்கும் விதைப்பை வேறு, நான் சொல்லும் விந்துப் பை வேறு. அது உள்ளே இருப்பதால் கையில் தட்டுப்படாது.) இவையெல்லாம் சேர்ந்து சிறுநீர் வருகிற அதே குழாய் வழியாக வெளியே வருகின்றன. இந்தப் பாதையில் எந்த இடத்தில் ஒரு பொடி ரத்தக்குழாய் விட்டாலும் விந்தில் நிறம் ஏறிவிடும். ஒரு தடவைக்கு வருவது சுமார் 1.5 முதல் 5 மில்லிதான். அதில் ஒரு சொட்டு ரத்தம் கலந்தாலே பார்ப்பவருக்குப் பகீரென்று இருக்கும்.

காப்பி நிறம், சிவப்பு, மறுபடி பழுப்பு என்று நீங்கள் கவனித்து எழுதியது நல்லது. சிவப்பு புது ரத்தம். பழுப்பு என்பது உள்ளே தங்கிப் பழசானது, இரும்பில் துரு ஏறுகிற மாதிரி. ரத்தக்கசிவு நின்ற பிறகும் விந்துப் பைக்குள் தேங்கியது முழுக்க வெளியேறச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை பழுப்பு வந்துகொண்டே இருக்கலாம். அதனால் நாலாவது தடவையும் பழுப்பு வந்தால் நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நீண்ட நாள் சேராமல் இருந்துவிட்டுச் சேரும்போது இப்படி வருவதை நாங்கள் பார்ப்பதுண்டு. ரிக் வண்டி, லாரி, ராணுவம் என்று மாதக்கணக்கில் வெளியூரில் இருந்துவிட்டு வருகிற ஆண்கள் இதே கதையோடு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

‘சூடு’ பற்றி உங்கள் அண்ணன் சொன்னதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். என் அப்பத்தாவும் அதைத்தான் சொல்லியிருக்கும். வெயிலில் நின்று, தண்ணீர் குடிக்காமல், ஒன்றுக்கு வந்தாலும் அடக்கிக்கொண்டு வேலை செய்தால் சிறுநீர் கெட்டியாகி எரியும். நீர்க்கடுப்பு வரும், கல்லும் உண்டாகலாம். அதற்கு இளநீரும் மோரும் ஓய்வும் நல்லதுதான். ஆனால் விந்தில் ரத்தம் வருவதற்கு உடம்புச் சூடு காரணம் இல்லை. எண்ணெய்க் குளியலால் கெடுதல் ஒன்றுமில்லை. ‘சூடுதான்’ என்று சமாதானம் ஆகி மூன்று மாதம் சும்மா இருந்துவிடுவதில்தான் கெடுதல்.

இன்னொரு நம்பிக்கையும் உங்கள் பயத்துக்கு அடியில் இருக்கும் என்று நினைக்கிறேன். அறுபது சொட்டு ரத்தம் சேர்ந்துதான் ஒரு சொட்டு விந்து ஆகிறது என்று சொல்வார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, விந்தில் சிவப்பைக் கண்டதும், ரத்தம் விந்தாக மாறாமல் அப்படியே போகிறது, உடம்பின் சாரமே வடிகிறது என்று தோன்றிவிடுகிறது. அப்படி ஒரு கணக்கு உடம்பில் கிடையாது. ரத்தம் விந்தாக மாறுவதில்லை. விந்தணு விதைக்குள் தனியாக உருவாகிறது. ஒன்று உருவாகச் சுமார் இரண்டரை மாதம் ஆகும். இப்போது மூன்று தடவை போன ரத்தம், பல் துலக்கும்போது ஈறில் கசிவதற்கு மேல் இருக்காது.

நீங்கள் என் எதிரில் உட்கார்ந்திருந்தால் சில கேள்விகள் கேட்டிருப்பேன். ராடு மாற்றும்போது, வண்டியிலிருந்து இறங்கும்போது, கால் இடுக்கில் அடி ஏதும் பட்டதா? சிறுநீரிலும் ரத்தம் தெரிந்ததா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காத உடம்பா? ரத்த அழுத்தம் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

அடுத்ததைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்பேன். இந்த நான்கு மாதத்தில், அல்லது அதற்கு முன்னால், வேறு யாருடனாவது உறவு இருந்ததா? குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை, தம்பி. இதற்கு வருகிற பதிலைப் பொறுத்துப் பரிசோதனையும் மருந்தும் மாறும். கொனோரியா, கிளமிடியா மாதிரியான பால்வினைத் தொற்றுகள் சிறுநீர்க் குழாயையும் புராஸ்டேட்டையும் புண்ணாக்கி இப்படி ரத்தம் வர வைக்கும். சிலருக்கு எரிச்சல்கூட இருக்காது. இருந்தது என்றால் அதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், யாருக்கும் தெரியாது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1097 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுப் பேசலாம், அதற்கும் காசு இல்லை. இது தெளிவாகும் வரை வீட்டில் ஆணுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆணுறைக்கு இன்னொரு பயனும் உண்டு. சேர்ந்த பிறகு துணியில் பார்த்த ரத்தம் உங்களுடையதுதானா என்பதே இன்னும் உறுதியில்லை. மனைவியின் கர்ப்பப்பை வாயிலிருந்து வந்த ரத்தம் விந்தோடு கலந்தும் அப்படித் தெரியலாம். ஆணுறைக்குள் இருப்பதை வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் உள்ளே இருந்தால் உங்களுடையது. உள்ளே வெள்ளையாக இருந்து வெளிப்பக்கம் ரத்தம் இருந்தால், டாக்டரைப் பார்க்க வேண்டியவர் அவர். உடலுறவுக்குப் பிறகு பெண்ணுக்கு ரத்தம் படுவதைத் தள்ளிப்போடவே கூடாது. 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்கிறார்கள். லைட்டைப் போடாமல் துணியை அலசியதில் இந்த ஒரு தகவலும் தண்ணீரோடு போய்விட்டது.

மருந்துக் கடையில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட வேண்டாம். எரிச்சல் என்றாலே சிப்ரோஃப்ளாக்சசினை ஐந்து நாளைக்கு எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். புராஸ்டேட்டில் தொற்று இருந்தால் ஐந்து நாள் போதாது, பல வாரங்கள் தேவைப்படலாம். அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி பழகிக்கொள்ளும். இன்னொன்றும் இருக்கிறது. நம் நாட்டில் விந்தில் ரத்தம் வருகிறவரைப் பார்க்கும்போது காசநோயையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். காசநோய் என்றால் நெஞ்சுச் சளி மட்டும் இல்லை. விந்துப் பை, புராஸ்டேட், விதை எல்லாவற்றிலும் அது போய் உட்காரும். சிறுநீரில் சீழ் செல்கள் தெரியும், ஆனால் சாதாரணமாகக் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் ஒன்றும் வளராது. அந்த நேரத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் உள்ளே போனால் காசநோய் கொஞ்ச நாளைக்கு அடங்கியது மாதிரி காட்டிவிட்டு, கண்டுபிடிப்பதைத் தாமதமாக்கும். மாலையில் காய்ச்சல், எடை குறைவு, வீட்டிலோ வண்டியில் கூட இருப்பவர்களிலோ யாருக்காவது காசநோய் என்று எது இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். கண்டுபிடித்துவிட்டால் மருந்து அரசு தருகிறது, முழுக்கக் குணமாகும்.

ரத்த அழுத்தத்தைப் பற்றிக் கேட்டேன் இல்லையா? சில வருடங்களுக்கு முன் விசைத்தறிக்காரர் ஒருவர் வந்தார், ஐம்பதைத் தாண்டியவர். வந்து பத்து நிமிடம் முட்டி வலியைப் பற்றியே பேசினார். எழுந்து போகும்போது கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு, ‘கீழ ஒரு சின்ன பிரச்சனைங்க’ என்றார். இரண்டு மாதமாக விந்து செம்மண் நிறம். உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்த்தால் மேலே உள்ளது 210. தலைவலியோ மயக்கமோ எதுவும் இல்லாமல் அவர் தறி ஓட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். மாத்திரை தொடங்கி அழுத்தம் இறங்கியதும் விந்தில் ரத்தம் நின்றுவிட்டது. அன்றைக்கு முட்டி வலியோடு திரும்பிப் போயிருந்தால் அவருக்குப் பக்கவாதம் வந்திருக்கலாம் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். அதிலிருந்து யார் இந்தக் குறையோடு வந்தாலும் முதலில் கையில் பட்டையைச் சுற்றிவிடுவது என் வழக்கம்.

பெரியப்பாவை நினைத்து நீங்கள் பயப்படுவது புரிகிறது. புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. 36 வயதில் மிக மிக அரிது. பெரியப்பாவுக்கு 74-ல் வந்ததால் உங்களுக்கு இப்போது வந்திருக்கும் என்று ஆகாது. உங்கள் அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ வந்திருந்தால் அது கூடுதல் கணக்கு. அப்படி இருந்தால் 45 வயதை ஒட்டி, புராஸ்டேட்டுக்காகச் செய்யும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். இப்போது பயத்தில் நீங்களாக லேபுக்குப் போய் அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டாம். தொற்று இருந்தால் அந்த எண் ஏறும், இரண்டு நாளைக்குள் விந்து வெளியேறியிருந்தாலும் ஏறலாம். ஏறிய எண்ணை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் தூங்காமல் இருப்பீர்கள். உங்கள் வயதில் புற்றுநோய் என்று பார்த்தால் நான் விதையைத்தான் தொட்டுப் பார்ப்பேன். குளிக்கும்போது இரண்டு விதைகளையும் விரல்களால் மெல்ல உருட்டிப் பாருங்கள். கல் மாதிரி கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால், வலி இல்லாவிட்டாலும், அந்த வாரமே காட்டுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இது ஒரே ஒரு தடவை வந்தாலும் டாக்டரைப் பார்ப்பது நல்லது. புராஸ்டேட்டில் சதை எடுத்துப் பரிசோதித்தவர்களுக்கு அதன் பிறகு சில வாரங்கள் விந்தில் ரத்தம் வருவது சகஜம். அதை முன்கூட்டியே சொல்லாமல் அனுப்பிவிட்டால், பாவம், மனிதர் பயந்துபோகிறார். எந்த வயதாக இருந்தாலும், ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், நின்று மறுபடி மறுபடி வந்தால், விதையில் வீக்கமோ கட்டியோ இருந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், இடுப்பெலும்பு விடாமல் வலித்தால் சிறுநீர்ப் பாதை நோய்களைப் பார்க்கிற யூராலஜி டாக்டரிடமே போக வேண்டும். சிறுநீரில் வலியில்லாமல் ரத்தம் போனால் அதைத் தனியாக, இதைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்களும், சாயப்பட்டறையில் பல வருடம் சாயத்தில் கை வைத்தவர்களும் இதில் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். புகையிலைக்கும் சில சாயப் பொருள்களுக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு தொடர்பு உண்டு. ஒன்றுக்கே போக முடியாமல் அடைத்துக்கொண்டாலும், ரத்தக் கட்டியாக வந்தாலும், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் அடித்தாலும், விதையில் திடீரென்று தாங்க முடியாத வலி வந்தாலும் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

முதலில் எந்த டாக்டர் என்று கேட்டீர்கள். திருச்செங்கோடு அரசு மருத்துவமனையிலேயே காட்டலாம், நம்பிக்கையான எம்.பி.பி.எஸ். டாக்டர் பக்கத்தில் இருந்தால் அவரிடமும் போகலாம். ‘விந்தில் ரத்தம் வருகிறது’ என்று நேராகச் சொல்லுங்கள். சீட்டில் அவர் ஹெமட்டோஸ்பெர்மியா என்று எழுதினால் பயப்படாதீர்கள், அது இதற்கான பெயர் மட்டும்தான், நோயின் பெயர் இல்லை. ரத்த அழுத்தம் பார்ப்பார், விதையைப் பார்ப்பார், சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதுவார், தேவைப்பட்டால் ரத்தமும் எடுப்பார். புராஸ்டேட்டைப் பார்க்க ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். இதற்குப் பயந்தே நிறையப் பேர் வருவதில்லை. கையுறையும் ஜெல்லும் போட்டு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், கூச்சமாக இருக்குமே தவிர பெரிய வலி இருக்காது. இவ்வளவும் சரியாக இருந்து ரத்தமும் நின்றுவிட்டால் உங்களுக்கு ஸ்கேன்கூடத் தேவைப்படாது. நிற்காவிட்டால் கோவை, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் யூராலஜி பிரிவு இருக்கிறது. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எல்லாம் அங்கே முடிவு செய்வார்கள்.

குழந்தை விஷயம். விந்தில் ரத்தம் கலப்பதால் மட்டும் ஆண்மை போகாது, குழந்தை நிற்காமலும் போகாது. தொற்று இருந்து அதைக் கவனிக்காமல் விட்டால் குழாய் அடைபடலாம், அதனால்தான் சிறுநீர்ப் பரிசோதனையை வலியுறுத்துகிறேன். விந்தின் அளவு முன்பைவிட நன்றாகக் குறைந்துவிட்டது என்று தோன்றினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பரிசோதனை முடிவு நன்றாக வந்துவிட்டால் ஆணுறையை விட்டுவிட்டுக் குழந்தைக்கு முயற்சி செய்யலாம். தொற்று இல்லாதவரை உங்கள் மனைவிக்கு அந்த ரத்தத்தால் கெடுதல் ஒன்றும் வராது. பால்வினைத் தொற்று இருந்தால் இருவருமே ஒன்றாக மருந்து சாப்பிட வேண்டும், ஒருவர் மட்டும் சாப்பிட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப வந்துவிடும்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பாப்பா தூங்கிய பிறகு, ‘ஊருக்கு வந்ததிலிருந்து இப்படி இருக்குது, டாக்டரைப் பார்க்கப் போறேன், நீயும் வா’ என்று சொன்னால் போதும். நான்கு மாதம் வீட்டைத் தனியாகத் தூக்கி நிறுத்தியவர், இதையும் தாங்குவார். நீங்கள் ஒளித்து ஒளித்துத் துணி அலசுவதை அவர் பார்த்திருந்தால், இப்போது அவர் மனதில் வேறு என்னென்ன ஓடிக்கொண்டிருக்குமோ.

ஆயுத பூசை முடிந்தால் வண்டி மறுபடி வடக்கே கிளம்பிவிடும். அங்கே போய் இதற்கு டாக்டர் தேடுவதும் பாஷை தெரியாமல் சொல்வதும் சிரமம். அதனால் இந்த வாரமே போங்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்றும் பார்க்க வேண்டும் என்பதால், கொடுப்பதற்கு முன் குறைந்தது ஒரு மணி நேரம் ஒன்றுக்குப் போகாமல் இருங்கள். ரத்தம் பார்த்த தேதி, நிறம் இரண்டையும் போனில் குறித்து வைத்துக்கொண்டு போங்கள். ரிப்போர்ட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வண்டியிலேயே வைத்திருங்கள். வெளியூரில் மறுபடி வந்தால் அங்கே உள்ள டாக்டருக்கு அது உதவும். முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.